கூச்சலும் பயிற்சியும்

(பள்ளி விளையாட்டு ஆர்வமும் கிறிஸ்தவப் பற்றும் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சபையில் வளர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு பிரசங்கத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். போதகர் கேட்பார்: "நேற்று பள்ளிக்கூட மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தினாயே, இன்றைக்குப் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உதட்டைக்கூட அசைக்கவில்லையே, ஏன்? அங்கே வெயிலில் மூன்று மணி நேரம் நின்றாய். இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பிரசங்கம் அரை மணியைத் தாண்டினால் கடிகாரத்தைப் பார்க்கிறாய்." சபையார் தலையைக் குனிந்துகொள்வார்கள். பின்வரிசைப் பையன்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார்கள். இந்தப் பிரசங்கம் நாசரேத்திலும் நடக்கும், நாகர்கோவிலிலும் நடக்கும், அமெரிக்காவின் டெக்சாசிலும் நடக்கும். விளையாட்டின் பெயர்தான் மாறும்.

அந்தப் பிரசங்கத்தோடு வழக்காடவே இன்று வந்திருக்கிறேன். அதைச் சொல்பவர்களின் ஆதங்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆள் சரியில்லை என்பதே என் கட்சி. கேலரியில் கத்துகிறவனையும் கோயிலில் உட்கார்ந்திருக்கிறவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, சத்தத்தை வைத்துப் பற்றை அளக்கிறார்கள். கிறிஸ்தவ மரபில் இந்த ஒப்பீட்டை முதலில் எழுதிவைத்த பவுல் அப்படி அளக்கவில்லை.

பவுல் கொரிந்து பட்டணத்தில் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார். கி.பி. 50ஐ ஒட்டிய காலம். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். பட்டணத்துக்குச் சில மைல் கிழக்கே இஸ்த்மியா என்ற இடத்தில், கடல் தெய்வமான பொசைடனின் கோயிலை ஒட்டி, இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். நடத்துகிற பொறுப்பு கொரிந்தியருடையது. வந்து குவிகிற கூட்டத்துக்குத் தங்க இடம் வேண்டுமே, பவுலின் கைத்தொழிலுக்கு அந்த விழா நல்ல சந்தையாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர் சிலர் ஊகிப்பதுண்டு. ஊகம்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த ஊகம். ஜெயித்தவனுக்குக் கிடைப்பது பைன் மரக் கொப்பில் கட்டிய ஒரு மாலை. சில காலங்களில் செலரி என்னும் கீரைத் தழையில் கட்டியது. சில நாளில் காய்ந்து சருகாகிவிடும்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசியில், பவுல் இந்த விளையாட்டைத் தொடுகிறார். அங்கே யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஓடுகிறவன் வருகிறான், குத்துச்சண்டை போடுகிறவன் வருகிறான். வேடிக்கை பார்க்கிறவன் எந்த வரியிலும் இல்லை. ஓடுகிறவனிடமும் பவுலுக்கு வியப்பு அவனுடைய வேகத்தின் மீதோ வெறியின் மீதோ இல்லை. வாடிப்போகிற ஒரு மாலைக்காக இந்த மனிதன் எல்லாவற்றிலும் இத்தனை கட்டுப்பாடு காக்கிறானே என்பதுதான் அவரை நிறுத்திப் பார்க்கவைக்கிறது.

அந்தக் கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்பதற்கு ஒலிம்பியாவிலிருந்து ஒரு சாட்சி உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பவுசானியஸ் சொல்கிறார்: இரண்டு கையிலும் இடியைப் பிடித்தபடி நிற்கும் ஜீயஸ் சிலை ஒன்று அங்கே இருந்தது. போட்டியாளர்களும், அவர்களுடைய தகப்பன்மாரும், அண்ணன் தம்பிகளும், பயிற்சியாளர்களும் அதன் முன்னால், பன்றி இறைச்சித் துண்டுகளின் மேல் சத்தியம் செய்ய வேண்டும். போட்டியில் குற்றம் எதுவும் செய்யமாட்டோம் என்பது எல்லோருக்கும் பொதுவான சத்தியம். போட்டியாளர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: தொடர்ந்து பத்து மாதம் முறையாகப் பயிற்சி செய்தேன்.

கேலரியில் உட்காருகிறவனிடம் எந்தக் காலத்திலும், எந்த நாட்டிலும், யாரும் இப்படி ஒரு சத்தியம் கேட்டதில்லை. டிக்கெட்டைத்தான் கேட்பார்கள்.

இனி லண்டன் ஓவல் மைதானத்துக்கு வருகிறேன். 1882 ஆகஸ்ட் 29. ஆஸ்திரேலியாவை வெல்ல இங்கிலாந்துக்கு 85 ஓட்டங்களே தேவை. ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஸ்பாஃபர்த்தின் பந்தில் வரிசையாக விக்கெட் விழுகிறது. பதற்றம் தாங்காமல் பார்வையாளர் ஒருவர் தம் குடையின் கைப்பிடியைக் கடித்தே சிதைத்துவிட்டார் என்று கதை சொல்வார்கள். ஒருவர் மைதானத்திலேயே உயிர்விட்டார் என்றும் சொல்வதுண்டு. இங்கிலாந்து 77க்குச் சுருண்டது. ஏழு ஓட்டத்தில் தோல்வி. ஆஷஸ் என்று இன்றுவரை ஆடுகிறார்களே, அது பிறந்தது இந்தத் தோல்வியில்தான்.

கடைசி விக்கெட் விழுந்தபோது மறுமுனையில் சி. டி. ஸ்டட் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் அதே ஆஸ்திரேலியர்களுக்கு எதிராக இரண்டு சதம் அடித்தவர். அணித் தலைவர் அவரைப் பின்னுக்குத் தள்ளிப் பத்தாவதாக இறக்கினார். ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் ஆட்டமிழக்காது திரும்பினார். குடையைக் கடித்தவருக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. வேறு குடை வாங்கியிருப்பார். ஸ்டட்டுக்கு என்ன ஆயிற்று என்பது தெரியும். 1885இல் கிரிக்கெட்டை விட்டுவிட்டு மிஷனரியாகச் சீனா போனார். தகப்பனார் விட்டுச் சென்ற பெரும் சொத்தில் ஏறக்குறைய முழுவதையும் தானம் செய்தார். 1900 முதல் 1906 வரை நம் உதகமண்டலத்தில் போதகராக இருந்தார். பிறகு ஆப்பிரிக்கா, 1931இல் காங்கோவில் இறந்தார். சொத்து சுகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிற அந்தத் துணிவை விளையாட்டு கொடுத்ததா, விசுவாசம் கொடுத்ததா என்று பிரிக்க என்னால் முடியவில்லை. அவரைக் கேட்டிருந்தால் விசுவாசம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் வலைப்பயிற்சியில் பழகிய உடம்பு அது. அதிகாலையில் எழுவதும், ஒரே செயலை ஆயிரம் முறை சலிக்காமல் செய்வதும் அதற்குப் புதிதில்லை.

கேலரி ஏன் அவ்வளவு சுலபமாகச் சத்தம் போடுகிறது? ஆட்டம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். வென்றோமா தோற்றோமா என்பதைப் பலகை சொல்லிவிடும். எதிரி யார் என்பதில் குழப்பமே கிடையாது, வேறு நிறச் சட்டை போட்டிருக்கிறான். தோற்றாலும் கத்தினவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் அவன் எந்த வகையிலும் மாற வேண்டியதில்லை. விசுவாசத்தில் இந்த வசதிகள் எதுவும் இல்லை. பலகை கிடையாது. முடிவு தெரிய ஓர் ஆயுள் போதாது. எதிரி பெரும்பாலும் நம் சட்டைக்குள்ளேயே இருக்கிறான். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, அங்கே போட்ட சத்தத்தை இங்கேயும் போடு என்று பையனைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பள்ளி விளையாட்டின் மீது இத்தனை குறை சொல்கிற பிரசங்கபீடம்தான் அந்த விளையாட்டைப் பள்ளிக்குள் கூட்டிவந்தது. ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக 1828 முதல் 1842 வரை இருந்த தாமஸ் ஆர்னால்டை இதற்குக் காரணராகச் சொல்வது வழக்கம். உண்மையில் அவருக்கு விளையாட்டில் பெரிய அக்கறை இருந்ததில்லை. சிற்றாலயத்தில் செய்யும் பிரசங்கத்தையும் மூத்த மாணவர்களின் பொறுப்பையும்தான் அவர் நம்பினார். அவருடைய மாணவர் தாமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய நாவல்தான் ரக்பி என்றால் பந்தும் பக்தியும் என்று உலகத்தை நினைக்கவைத்தது. உடல்வலுக் கிறிஸ்தவம் என்ற பெயரை அதே ஆண்டு ஒரு பத்திரிகை விமர்சனம் அரைக் கிண்டலாகச் சூட்டியது. பெயர் ஒட்டிக்கொண்டது.

ரக்பியில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் காட்டன் 1852இல் மார்ல்பரோ பள்ளிக்குத் தலைமையேற்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே மாணவர்கள் கலகமே செய்திருந்தார்கள். ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்து நிலங்களில் புகுந்து திருட்டுத்தனமாக வேட்டையாடுவதும் ஊராரோடு மோதுவதும் பையன்களின் வாடிக்கை. காட்டன் அவர்களை மைதானத்துக்குத் திருப்பினார். கூடவே நின்று ஆடக்கூடிய இளம் ஆசிரியர்களை நியமித்தார். ஆக, ஒழுங்கமைந்த பள்ளி விளையாட்டின் வேரில் முதலில் இருந்தது தெய்வபக்தியைவிடத் தலைமையாசிரியரின் தலைவலி. இந்தக் காட்டன்தான் 1858இல் கல்கத்தாவின் பிஷப்பாக வந்தார். 1866இல் குஷ்தியாவில் ஒரு கல்லறைத் தோட்டத்தைப் பிரதிஷ்டை செய்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பும்போது ஆற்றில் தவறி விழுந்து இறந்தார். சிம்லாவிலும் பெங்களூரிலும் பிஷப் காட்டன் பெயரில் நடக்கும் பள்ளிகள் அவரை நினைவூட்டுகின்றன.

மிஷனரிகள் பந்தைக் கொண்டுவந்த விதம் எல்லா இடத்திலும் அழகாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீநகரின் மிஷன் பள்ளியில் டின்டேல் பிஸ்கோ 1891இல் கால்பந்தை அறிமுகப்படுத்தினார். தோலால் ஆன பந்து என்று தெரிந்ததும் பிராமணப் பிள்ளைகள் தொட மறுத்தார்கள். ஆசிரியர்களைக் கம்போடு நிறுத்திவைத்து ஆடவைத்தார். பந்து ஒரு பையனின் முகத்தில் பட்டது. தீட்டாகிவிட்டதென்று அவன் அழுதான். வாய்க்காலில் கழுவிவிட்டு வரச் சொல்லி ஆட்டத்தைத் தொடரச் செய்தார். இதையெல்லாம் அவரே பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போது என் மனம் அழுத பையன் பக்கமே போகிறது. அதே பள்ளிதான் பிறகு காஷ்மீரில் வெள்ளத்திலும் தீ விபத்திலும் மக்களைக் காக்க மாணவர்களை அனுப்பியது என்பதும் உண்மை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகச் சிலரே. மிஷன் சங்கத்துக்கு அதில் மனக்குறை இருந்தது.

அந்த மனக்குறையை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். அங்கே மார்ச் மாதத்தில் வடக்கின் பெரும் போர் நடக்கும். போர் என்றதும் வேறு எதுவும் நினைக்க வேண்டாம், கிரிக்கெட். அவர்கள் சொல்லில் துடுப்பாட்டம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சுண்டிக்குளிப் பக்கத்துப் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதுகின்றன. கல்லூரி என்றாலும் பள்ளிக்கூடங்கள்தான். உள்நாட்டுப் போரில் ஆட்டம் நின்ற ஆண்டுகளும் உண்டு, பிறகு மீண்டும் எழுந்து நின்றது. பெரும் போர் நாளில் கொடி கட்டிய வாகனங்கள் ஊரைச் சுற்றும். பாண்ட் வாத்தியம் நிற்காது. டொரண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பழைய மாணவர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு வருவார்கள். வழுக்கை விழுந்த, பேரன் எடுத்த மனிதர்கள் பள்ளி நிறத்தில் தொப்பி போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கத்து வழுக்கையைப் பார்த்துப் பதினைந்து வயதுப் பையனைப் போலக் கேலி செய்வார்கள். அந்த எதிர்ப்பக்கத்து மனிதர் சொந்த மச்சானாகக்கூட இருப்பார்.

இரண்டுமே மிஷன் பள்ளிகள். மத்திய கல்லூரி 1816இல் வெஸ்லியன் மெதடிஸ்டுகள் தொடங்கியது, பரி. யோவான் 1823இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கம் நல்லூரில் தொடங்கியது. இருநூறு ஆண்டுக்குப் பிறகு மைதானத்தைச் சுற்றி நிற்பவர்களில் சைவர்கள் ஏராளம். காலையில் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்த பையன், ஒரு கிறிஸ்தவப் புனிதரின் பெயரைச் சட்டையில் தாங்கிக்கொண்டு, அந்தப் பெயருக்காகத் தொண்டை வற்றக் கத்துவான். அதில் ஒரு முரணும் இருப்பதாக அவனுக்குத் தோன்றாது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் வளர்த்த யாழ்ப்பாணக் கல்லூரியும் கத்தோலிக்கரின் புனித பத்திரிசியார் கல்லூரியும் மோதுவது பொன் அணிகளின் போர். புராட்டஸ்டன்டாருக்கும் கத்தோலிக்கருக்கும் ஒரு காலத்தில் துண்டுப் பிரசுரங்களில் நடந்த சண்டை, இன்றைக்கு ஆறு பந்துக்கு ஒரு ஓவராக நடக்கிறது. இந்துப் பள்ளிகளுக்கும் இந்துக்களின் போர் என்று தனியாக ஒன்று உண்டு.

மிஷனரியின் கணக்கேட்டை எடுத்துப் பார்க்கிறவருக்கு இது பெரிய தோல்வியாகத் தெரியும். வேதத்தையும் மட்டையையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தோம். மட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்களே என்று. ஆனால் யாழ்ப்பாணத்தார் எடுத்துக்கொண்டது மட்டையை மட்டும் என்பது சரியில்லை. மத்திய கல்லூரியின் முன்னோடியான அதே வெஸ்லியன் பள்ளியில் பீட்டர் பெர்சிவலிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, வேதாகம மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். 1848இல் வெளியேறி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடசாலை, அச்சகம், மேடைப் பிரசங்கம் என்று மிஷனரிகளின் கருவிகள் அத்தனையையும் சைவத்துக்காக எடுத்தாண்டார். ஒரு பயிற்சியைக் கொடுத்தவருக்கு, அது எந்தப் பக்கம் போகும் என்று தீர்மானிக்கிற உரிமை கிடையாது. அது எங்கே போய்ச் சேரும் என்பது கொடுக்கும்போது அவருக்கே தெரியாது. விளையாட்டிலும் அப்படித்தான். நடுவர் விரலைத் தூக்கினால், மட்டையில் படவே இல்லை என்று நெஞ்சறியத் தெரிந்தாலும், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடக்கிற பழக்கம் இருக்கிறதே, அதற்கு மதம் கிடையாது.

மைதானத்துக் கூச்சலை விசுவாசம் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் பக்கம் போக வேண்டும். அங்கே உயர்நிலைப் பள்ளி அமெரிக்கக் கால்பந்துக்கு வெள்ளிக்கிழமை இரவு, தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய அதே முகங்கள். ஆலன் என்ற ஊரில் 2012இல் பள்ளிக்கூடக் கால்பந்துக்காகச் சுமார் 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் அரங்கம் கட்டினார்கள். இரண்டாண்டுக்குள் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடி, சரிசெய்து, 2015இல் மறுபடி திறந்தார்கள். அந்த விரிசலைப் பற்றி உள்ளூர்ப் போதகர்கள் எத்தனை பிரசங்கம் செய்திருப்பார்களோ!

அதே டெக்சாசில் சான்டா ஃபே என்ற சிற்றூரின் பள்ளியில், ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் மாணவர் ஒருவர் ஜெபம் செய்வது வழக்கம். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் நாத்திகர்கள் என்றுதானே நினைப்போம்? ஒரு மார்மன் குடும்பமும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும். பெயர் வெளியே தெரிந்தால் பிள்ளைகளுக்குத் தொல்லை வரும் என்பதால் பெயரை மறைத்தே வழக்கை நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. வழக்குப் போட்டது யார் என்று கண்டுபிடிக்கப் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்த சிலரே முயன்றார்கள், நீதிபதி எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2000 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அந்த ஜெபம் அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்றது.

சட்டத்தை விட்டுவிடுங்கள். கிறிஸ்தவ ஜெபத்தைக் கேட்டுக் கிறிஸ்தவப் பிள்ளைகளே ஏன் அந்நியப்பட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. மைதானத்தின் ஒலிபெருக்கிக்குள் போனதும் ஜெபமும் உள்ளூர் அணியின் கோஷமாகிவிட்டது என்று நினைக்கிறேன். கோஷம் என்றால் எதிரணி வேண்டும். எதிரில் யாரும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். பிறகு 2022இல் வாஷிங்டன் மாநிலத்துப் பிரெமர்டன் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நட்டநடுக் கோட்டில் மண்டியிட்டு ஜெபித்த வழக்கில் அதே நீதிமன்றம், அதே 6க்கு 3 கணக்கில், அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கின் ஆவணங்களில் ஒரு சின்னச் செய்தி வருகிறது. நம்பிக்கையில்லாத ஒரு மாணவனும் அந்த ஜெபத்தில் போய் நின்றிருக்கிறான். போகாவிட்டால் ஆடக் களமிறக்கமாட்டார்களோ என்ற பயம். மண்டியிட்டவரின் பக்தி உண்மையானதாகவே இருக்கட்டும். அந்தப் பையன் அணியில் ஓர் இடத்துக்காக ஜெபித்தான். நம் ஊர் மிஷன் பள்ளிகளில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் விடுதி மாணவனை உங்களுக்கு இப்போது நினைவு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

விசுவாசமும் விளையாட்டும் ஒரே ஆளுக்குள் நேர்மையாகக் குடியிருக்க முடியும் என்பதற்கு எரிக் லிடலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஸ்காட்லாந்துக்காரர்; பிறந்தது சீனாவின் தியான்சினில்; மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்தார். 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். படமாகவும் எடுத்துவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் முடிவெடுத்ததாகக் காட்டினால்தான் படத்துக்குச் சுவை. உண்மையில் அட்டவணை பல மாதம் முன்பே அவருக்குத் தெரியும். அந்த மாதங்களில் 400 மீட்டருக்குத் தம்மைத் தயார்செய்தார். ஒலிம்பியாவில் கேட்ட சத்தியத்தை இவரிடம் கேட்டிருந்தால் தடையில்லாமல் செய்திருப்பார்.

எனக்கு அந்தத் தங்கப் பதக்கத்தைவிட 1940களின் கதை முக்கியம். மிஷனரியாகச் சீனாவுக்குத் திரும்பியவரை ஜப்பானியர் வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். முகாமில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது லிடல்தான். ஞாயிறு மட்டும் கிடையாது. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடப் போனார்கள். நடுவர் இல்லை. ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் தாமே மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார். உலகமே பார்த்த ஒலிம்பிக்கில் விட்டுக்கொடுக்காத ஞாயிறு! முகாமில் சண்டை போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதம் முன்பு, மூளைக் கட்டியால் அங்கேயே இறந்தார். பாரிசில் ஓட மறுத்ததும் முகாமில் நடுவராக நின்றதும் ஒரே பயிற்சியிலிருந்து வந்தவை என்றே நான் படிக்கிறேன். வெறும் விதியாக மட்டும் ஞாயிறைக் காத்திருந்தால் இரண்டாவதைச் செய்திருக்கவே மாட்டார்.

அதே பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவர் ஹாரி குரோ பக். இந்த அவையில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. 1919இல் அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். தமிழ்நாட்டில் மூன்று தலைமுறை பி.டி. மாஸ்டர்கள் அதன் வாசலைத் தாண்டி வந்தவர்கள். கூடைப்பந்தை 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கிய நைஸ்மித் இறையியல் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர். வாலிபாலை 1895இல் உருவாக்கிய வில்லியம் மார்கனும் ஒய்.எம்.சி.ஏ.காரர்தான். தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே வாலிபர் சங்கம் நடத்துகிற வாலிபால் போட்டியைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கோயிலைவிட விளையாட்டுத்தான் பெரிது என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லலாம்: ஐயா, அந்த வலையே சபை கட்டிய வலைதான்.

கடைசியாக, மைதானத்துக்கும் கோயிலுக்கும் போட்டி என்று இவ்வளவு நேரம் பேசியதைக் கொஞ்சம் குலைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளி அணியில் இருந்த பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் என்ன ஆகிறான் என்று எந்த உடற்கல்வி ஆசிரியரையும் கேளுங்கள். ஜூன் மாதமே அப்பா வந்து பெயரை எடுத்துவிடச் சொல்வார். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். அதே பையனைப் பற்றி அவனுடைய ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியரைக் கேளுங்கள். பப்ளிக் எக்ஸாம் முடிகிற வரைக்கும் வரமாட்டான் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருப்பார். அதே அம்மா ஸ்திரீகள் சங்கத்தில் பொறுப்பிலும் இருப்பார். பன்னிரண்டாம் வகுப்பில் நீட் பயிற்சி மையம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே மாதிரித் தேர்வு வைக்கிறது. ஆராதனைக்கும் அதே நேரம், மாவட்ட அளவிலான போட்டிக்கும் அதே நேரம். பிரசங்கபீடம் மைதானத்தைக் குறை சொல்கிறது, மைதானம் சபையைக் குறை சொல்கிறது. பையன் இரண்டு இடத்திலும் இல்லை.

பவுசானியஸ் பேசிய அந்தப் பத்து மாதம் இருக்கிறதே, அது பயிற்சி மையத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் கட்டுப்பாடு உண்டு, அதிகாலை உண்டு, ஒரே கணக்கை நூறு தடவை போடுவது உண்டு. அதையும் நான் இழிவாகச் சொல்லமாட்டேன். மருத்துவராகிற பிள்ளையும் நமக்கு வேண்டும். ஆனால் பதினைந்து வயதில் அணியிலிருந்தும் ஓய்வுநாள் பாடசாலையிலிருந்தும் ஒரே மாதத்தில் விடுபடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதை யாராவது ஒரு மாவட்டத்திலாவது உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியரிடம் வருகைப் பதிவேடு இருக்கிறது, சபைக் குமாஸ்தாவிடமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் அடுத்த ஆண்டு இன்னொரு பேச்சாளரைத் தேடுவதற்குப் பதிலாக, அந்த வேலைக்கு இரண்டு இளம் ஆசிரியர்களை அமர்த்தினால், அவர்கள் கொண்டுவரும் எண்ணிக்கையைக் கேட்க நான் முதல் வரிசையில் வந்து உட்காருவேன்.